புளிக்காத சாறு

உபதேசியார் வரப்பிரசாதம் நீட்டிய கண்ணாடிக் குப்பியை வாங்கிக் கிண்ணத்தில் சாய்த்தபோதுதான் ஃபாதர் ததேயுஸுக்குத் தெரிந்தது, இது அந்தச் சாறு இல்லை. நிறம் ஒன்றுதான். கிண்ணத்தின் பொன்பூச்சுக்குள் இறங்குகிறபோது அதே கருஞ்சிவப்பு. வாசனைதான் வேறு. மூக்கில் ஏறுவதற்கு முன்பே அது தொண்டைக்குள் இறங்கி, அங்கே பழைய குடித்தனக்காரன் போல உட்கார்ந்துகொண்டது. ஊற்றிக்கொண்டிருந்த கை தானாக நிமிர்ந்தது. நீயாக நினைத்துக்கொள்கிறாய், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, வெறும் வயிற்றுக்கு எல்லாமே அப்படித்தான் மணக்கும் என்று சொல்லிக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தார். ஒயின். சந்தேகமே இல்லை. அதிலும் கொஞ்சநஞ்சமல்ல, நாலு மடக்கு வரும். கோயிலில் ஜனங்கள் காணிக்கைப் பாட்டின் முதல் சரணத்தில் இருந்தார்கள். தவக்காலத்து வெள்ளிக்கிழமை, சிலுவைப் பாதை முடிந்து மாலைப் பூசை. மேற்குச் சன்னல் வழியாக வந்த வெயில் பெண்கள் பக்கத்து முக்காடுகள் மேல் விழுந்து, மின்விசிறிகள் சுற்றச் சுற்ற அசைந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அங்கிருந்து பார்த்தால் சாமி கிண்ணத்தைப் பார்க்கிறார், அவ்வளவுதான். பூசை வைக்கிற சாமி கிண்ணத்தைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பார்.

சட்டையில் மாட்டியிருந்த மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "எந்தப் பாட்டில்?" என்றார். வரப்பிரசாதத்துக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது, இடது காதும் பாதிதான். "ஆங்?" என்று முகத்தைக் கிட்டே கொண்டுவந்தார். "எந்தப் பாட்டில்ல இருந்து எடுத்தீங்க?" "அலமாரிதான் சாமி. சிஸ்டர் சாவி குடுத்துட்டுல்ல போயிருக்காங்க. திராட்சை ரசம் மாறிடாமப் பாத்துக்கோங்கன்னாங்க. பாத்துத்தான் எடுத்தேன், லேபிள்கூடப் படிச்சேன்." சொல்லிவிட்டுச் சின்னதாகச் சிரித்தார், பொறுப்பாக ஒரு வேலை செய்து முடித்தவரின் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது. ரசம். அந்த ஒரு வார்த்தைதான். பிழிந்ததும் ரசம், புளித்ததும் ரசம், பெட்டியில் வருவதும் ரசம், கானாவூரில் தண்ணீர் மாறியதும் ரசம். சிஸ்டர் பெனிட்டா 'மாறிடாம' என்று சொன்னதற்கு ஒரே அர்த்தம்தான்: கான்வென்ட் ஃபிரிட்ஜில் கதவோரம் இருக்கிற பாட்டில். இந்தப் பங்கில் அந்தப் பாட்டில் யாருக்காக என்று தெரிந்தவர் சிஸ்டர் மட்டும். இன்றைக்குக் காலை பஸ்ஸில் அவர் வருடாந்தரத் தியானத்துக்குத் திருச்சி போய்விட்டார். போகிறபோது வாசலில் நின்று, "நான் அவர்ட்ட சொல்லிட்டேன் ஃபாதர், நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க" என்றார். யோசிக்காதீங்க. ததேயுஸும் யோசிக்கவில்லை. சிலுவைப் பாதை முடிந்து உடுப்பு மாற்றுகிற அறையில் நின்றபோது குப்பியை எடுத்து ஒரு முறை முகர்ந்து பார்த்திருக்கலாம். ஏன் பார்க்கவில்லை? மறந்துவிட்டது. நிஜமாகவே மறந்ததா? இந்தக் கேள்வியை இப்போது கேட்கக் கூடாது, இது வேறு எங்கேயோ இழுத்துக்கொண்டு போகும். முதலில் தண்ணீர். ஒரு துளி தண்ணீர் விட வேண்டும். விட்டார். தண்ணீர் விட்டும் வாசனை குறையவில்லை, கலைத்துவிட்டது போல இன்னும் மேலே வந்தது.

கம்பம் பள்ளத்தாக்கில் அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த தோட்டத்தில் பன்னீர் திராட்சைப் பந்தல். லாரி வராமல் போன நாட்களில் பெட்டி பெட்டியாகப் பழம் கூடாரத்தில் கிடக்கும். மறுநாள் மத்தியானம் அடிப்பெட்டியிலிருந்து சாறு கசிந்து மண்ணை நனைக்கும். தேனீ மொய்க்கும். அந்த வாசனையில் ஒரு கிறக்கம் இருக்கும். அம்மா மூக்கைப் பொத்திக்கொள்வாள், அவருக்கு மட்டும் அங்கேயே நிற்க வேண்டும் போலிருக்கும். சாறு கசிந்த இடத்தில் காலை வைத்தால் செருப்பு ஒட்டும். அதற்கும் பின்னால் நடந்ததற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. அப்பா சொட்டுக்கூடத் தொட்டதில்லை, அண்ணன் தொட்டதில்லை, அதே கூடாரத்தில் அதே வாசனையில் வளர்ந்தவர்கள். இல்லத்தில் டாக்டர் அதைத்தான் சொன்னார், காரணம் தேடாதீங்க ஃபாதர், காரணம் கிடைச்சா அதையும் ஊத்திக் குடிப்பீங்க. இல்லம் என்றால் குடிநோயாளிகளுக்கான இல்லம். ஊரில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்பது, சாமிக்கு மஞ்சள் காமாலை, அதனால் ஓய்வில் இருந்துவிட்டு இந்தப் பங்குக்கு வந்திருக்கிறார். யாரும் அவரைக் கேட்டதில்லை, அவரும் இல்லை என்று சொன்னதில்லை. ஆயர்தான் அனுப்பினார். திரும்பி வந்தபோது ஆயரே சொன்னார், இனிமே நீ ஒயின்ல பூசை வைக்க வேண்டாம், புளிக்க ஆரம்பிச்சதுமே நிறுத்தின சாறு இருக்கு, திருச்சபை அதுக்கு வழி வச்சிருக்கு, வெக்கப்பட ஒண்ணுமில்ல. வெட்கப்பட ஒன்றுமில்லாத விஷயத்தை ஏன் இவர் ஒரு சிஸ்டரோடு நிறுத்திக்கொண்டார்? கடைசியாக இருந்த பங்கில் ஓர் அடக்கப் பூசை. பெட்டியில் கிடந்தவர் பெயர் சந்தனம். போதையில் மைக்கில் இவர் வேண்டிக்கொண்டது லில்லியின் ஆன்மாவுக்காக. லில்லி சந்தனத்தின் மனைவி, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு முறை இல்லை, பூசை முடிகிறவரை லில்லி, லில்லி, லில்லி. அவள் தன் ஆன்ம சாந்திக்கான ஜெபத்தைத் தானே கேட்டுக்கொண்டு, அழுவதைக்கூட நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை மறக்கத்தான் அன்றைக்கும் குடித்தார்.

பாட்டு இரண்டாம் சரணத்துக்குப் போயிருந்தது. கையை நீட்டினார், வரப்பிரசாதம் தண்ணீர் ஊற்றினார். விரல்கள் வழியாகத் தண்ணீர் கிண்ணியில் விழுந்தது. இப்போது சொல்லலாம். இப்போது சொன்னால் ஒன்றுமில்லை, இது இன்னும் வெறும் ஒயின். எழுந்தேற்றத்துக்கு, அதாவது ரசத்தை இயேசுவின் ரத்தமாக்குகிற வார்த்தைகளுக்கு முன்னால் எதையும் மாற்றலாம், ஊற்றிவிடலாம், திரும்ப ஆரம்பிக்கலாம். எழுந்தேற்றத்துக்குப் பின்னால் முடியாது. அந்த வார்த்தைகளைச் சொல்லிவிட்டால் இது அவருடைய ரத்தம், பூசை வைத்தவன் குடித்துத்தான் ஆக வேண்டும், குடிக்காமல் பூசை நிறைவேறாது. ஆக, நேரம் இருக்கிறது. பாட்டு முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம். நேரம் இருக்கிறது என்று நினைத்ததுமே வாயில் எச்சில் ஊறியது. நாக்கின் இரண்டு ஓரங்களிலும், புளியங்காயை நினைத்தால் ஊறுமே, அப்படி. விழுங்கினார். மறுபடி ஊறியது. துடைத்த துண்டை உபதேசியார் தோளில் போட்டார். இத்தனை நாள் நன்றாகத்தானே இருந்தாய். காப்பிக்கும் தண்ணீருக்கும் பழகிவிட்டாய், தூக்கம்கூட வருகிறது. ஒரு தடவைக்கு என்ன ஆகும், உடம்பு தாங்கும். யார் இதைச் சொல்வது? குரல் தன்னுடையதுதான். அதுதான் பயமாக இருந்தது. வெளியிலிருந்து யாராவது சொன்னால் போடா என்று சொல்லிவிடலாம். இது தன் குரலில், தன்மேல் அக்கறையாக, பசிக்கிறதே உனக்கு என்று கேட்டது.

ஐயோ, பிரசங்கம். கால் மணி நேரத்துக்கு முன்னால் இதே இடத்தில் நின்று என்ன பேசினாய். இந்தத் தவக்காலத்தின் வெள்ளிக்கிழமைகளுக்கு இயேசுவே நம் தலைமைக்குரு என்று தலைப்பை எடுத்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு, பாலைவனத்தில் பசித்திருந்த இயேசுவைச் சாத்தான் சோதித்தது. எட்டாத உயரத்தில் உட்கார்ந்துகொண்டு கீழே பார்க்கிற குரு இல்லை அவர், பசின்னா என்னன்னு தெரிஞ்சவர், ஆசை காட்டினா மனுசனுக்கு எப்படி இருக்கும்னு தன் உடம்புலயே தெரிஞ்சவர், அதனாலதான் அவர்கிட்டப் பயமில்லாமப் போலாம் என்று குரலை ஏற்றி இறக்கிச் சொன்னார். நன்றாகத்தான் வந்தது. சொல்கிறபோது ஆண்கள் பக்கத்து மூன்றாவது பெஞ்சைப் பார்க்காமல் இருக்கவும் ஜாக்கிரதையாக இருந்தார். அங்கே இன்னாசி உட்கார்ந்திருந்தான், காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். சாம்பல் புதனுக்கு முந்தின நாள் அவன் மனைவி பிலோமினா அவனைச் சாமியார் பங்களாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். முழங்கை வரை வளையலுக்குப் பதில் கட்டுப் போட்டிருந்தாள். "நாற்பது நாளும் தொடமாட்டேன்னு சாமி முன்னால சொல்லட்டும்" என்றாள். அவன் சொன்னான். சொல்லிவிட்டு, அவள் வெளியே போனதும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "சாமி, கோவிச்சுக்காதீங்க. சத்தியம் வாங்கிட்டீங்க. சாயங்காலம் அந்நேரம் ஆச்சுன்னா தொண்டைக்குள்ள ஒருத்தன் உக்காந்து பேர் சொல்லிக் கூப்புடுவான். ஒங்களுக்கு அது என்னன்னு தெரியுமா சாமி?" அவர் சொன்ன பதில், "ஜெபம் பண்ணுப்பா." ஜெபம் பண்ணுப்பா! தெரியும் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் அவன் கேட்டது. இன்னாசி தலையாட்டிவிட்டுப் போனான். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், ஒவ்வொரு வாரமும் மூன்றாவது பெஞ்சில். இன்னும் குடிக்கவில்லை என்று பிலோமினா சொல்கிறாள். எப்படித் தாங்குகிறான் என்று அவருக்குத் தெரியவில்லை. அவன் அதை அவரிடம் சொல்லவில்லை, அவரும் தன்னுடையதை யாரிடமும் சொல்லவில்லை.

பாட்டு முடிந்தது. எல்லாரும் எழுந்தார்கள். பெஞ்சுகள் கிறீச்சிட்டன. வாய் பழக்கத்தில் ஜெபத்தைச் சொன்னது, ஜனங்கள் பதில் சொன்னார்கள், வாய் அடுத்ததைச் சொன்னது. கை பக்கத்தைப் புரட்டியது. நிறுத்து. இந்த வரி முடியட்டும். இந்த வரி முடிந்தது, நிறுத்து. நன்றி கூறும் ஜெபத்தின் நடுவில் எந்தச் சாமியாவது நிறுத்துவாரா, பாதியில் விட்டால் மரியாதை இல்லை, இதையும் முடித்துவிடலாம். உண்மையில் நீ எதற்காகப் பயப்படுகிறாய் ததேயுஸ், என்றது குரல். இப்போது அது கொஞ்சம் படித்த குரலாக இருந்தது, குருமடத்து வகுப்பில் பேசுகிற மாதிரி. இன்னும் சிறிது நேரத்தில் இது ஒயின் இல்லையே. நீ விசுவசிக்கிறாயா இல்லையா? அவருடைய ரத்தம் உன்னை என்ன செய்யும், உன்னைக் குணமாக்குமே தவிர விழ விடுமா? விழுந்தாலும் பிடித்துக்கொள்ள மாட்டாரா? பயப்படுவதுதான் அவிசுவாசம். குடி. விசுவாசத்தோடு குடி. ஒரு கணம் அவருக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. ஆமாம், எவ்வளவு எளிதாக இருக்கிறது. அப்புறம் அதை எங்கே கேட்டோம் என்று தெரிந்தது. கோபுரத்து உச்சியில் இயேசுவிடம் சாத்தான் சொன்னது. கீழே குதி, தூதர்கள் தாங்குவார்கள். கால் மணி நேரத்துக்கு முன்னால் அதையும் அவர்தான் சொல்லியிருந்தார், கையை உயர்த்தி உச்சியைக் காட்டி. பீடத்துக்கு மூன்று படிதான் உயரம், ஆனால் கீழே பார்க்கத் தலை சுற்றியது. அவர் ரத்தமாக மாறினாலும் ரசத்தின் குணம் அதிலேயே இருக்கும், ஈரலுக்குத் தெரியும், மூளைக்குத் தெரியும், இன்றைக்கு இரவே எங்கே கிடைக்கும் என்று கால் தேட ஆரம்பிக்கும். அப்பத்தை ஓரத்தில் தொட்டு நனைத்துக்கொள்ளலாமே? மீதியை வரப்பிரசாதம் குடிக்கட்டும். ஒரு துளிதான். ஒரு துளி. இல்லத்தில் அவர் படுக்கைக்குப் பக்கத்துப் படுக்கைக்காரர் இருமல் மருந்தில் ஆரம்பித்தவர், மூன்றாம் முறையாக வந்திருந்தார்.

மணி அடித்தது. 'தூயவர்' பாடத் தொடங்கினார்கள். இந்தப் பாட்டு சின்னது. முடிந்தால் முழங்காலில் நிற்பார்கள், கைகளைக் காணிக்கை மேல் விரிக்க வேண்டும், அப்புறம் அப்பம், அப்புறம் கிண்ணம். குரல் இப்போது அவசரப்பட்டது, படிப்பையெல்லாம் விட்டுவிட்டது. சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? இந்தக் காது கேட்காத மனுசனிடம் மெதுவாகச் சொல்ல முடியாது, கத்த வேண்டும், மைக்கில் ஊருக்கே கேட்கும். ஏன் சாமி மாற்றச் சொன்னார் என்று கேட்பார்கள். காமாலைக்காரனுக்கு ஒரு வாய் ஒயின் என்ன செய்துவிடும் என்று டீக்கடையில் பேசுவார்கள். இரண்டாவது டீ முடிவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஞானஸ்நானத்துக்கு உன் கையில் குழந்தையைத் தரும்போது தாய்க்காரி உன் வாயை மோந்து பார்ப்பாள். இந்த ஒரு வருஷத்தில் கிடைத்த மரியாதை, கூரை ஒழுகாத கோயில், நிறைகிற பெஞ்சு, எல்லாம் உன்னுடையது, பேசாமல் குனிந்து குடித்தால் போதும். குனிந்தால் போதும். ஜனங்கள் முழங்காலிட்டார்கள். அந்தச் சத்தம், நூறு முழங்கால் தரையைத் தொடுகிற சத்தம், அவருக்கு எப்போதும் பிடிக்கும். கையை விரிக்கத் தூக்கினார். கைகள் கிண்ணத்துக்கு மேலே வந்தன. வாசனை உள்ளங்கையில் பட்டது போலிருந்தது. அவர் குடிக்க ஆசைப்பட்டார். அதை இப்போதுதான் முழுசாக ஒப்புக்கொண்டார்: பயம் இல்லை, கடமை இல்லை, குழப்பம் இல்லை, ஆசை. இந்த நாலு மடக்கும் வேண்டும், இதற்கு மேலும் வேண்டும். ஆண்டவரே, எனக்கு வேண்டும். நீர் பசித்துக் கிடந்தபோது எப்படி இருந்தது உமக்கு? கல்லைப் பார்த்தபோது அப்பத்தின் மணம் வந்ததா? வந்திருக்கும். வராமல் அது சோதனை இல்லை. எச்சில் ஊறியிருக்கும். விழுங்கியிருப்பீர். அதற்குமேல் ஜெபத்துக்கு வார்த்தை வரவில்லை.

கைகளை இறக்கினார். "உபதேசியாரே" என்றார். வரப்பிரசாதம் மணியைப் பிடித்தபடி முழங்காலில் இருந்தார், கேட்கவில்லை. "உபதேசியாரே!" மைக் அதை வாங்கிச் சுவரில் அடித்துத் திருப்பியது. எல்லாத் தலையும் நிமிர்ந்தது. "இந்த ரசம் வேண்டாம். கான்வென்ட் ஃபிரிட்ஜில கதவோரம் ஒரு பாட்டில் இருக்கு. அதை எடுத்துட்டு வாங்க." வரப்பிரசாதம் எழுந்து வந்தார், முகம் கறுத்துப் போயிருந்தது. "கெட்டுப்போச்சா சாமி? நான் லேபிள் பாத்துத்தானே..." "ரசம் நல்லாத்தான் இருக்கு. உங்க மேல தப்பில்ல." இதோடு நிறுத்தலாம். இதுவே போதும், மாற்றினால் போதுமே, மற்றதை ஏன் சொல்ல வேண்டும் என்று குரல் கெஞ்சியது, கடைசி முறையாக. உபதேசியார் தன் தப்புத்தான் என்று நினைத்தபடி கூனிக்குறுகி நிற்பதைப் பார்த்தார். பிறகு ஜனங்கள் பக்கம் திரும்பினார். "எனக்குத்தான் இது ஆகாது. நான் குடிகாரனா இருந்தவன். எனக்குக் காமாலை வரல, குடியிலருந்து மீளுறதுக்குத்தான் இல்லத்துல இருந்தேன். ஆயர் எனக்குப் புளிக்காத சாறுலதான் பூசை வைக்கச் சொல்லியிருக்கார். இத்தனை நேரம் இதைக் கையில வச்சிக்கிட்டு, சொல்லவா வேண்டாமான்னு நின்னுக்கிட்டிருந்தேன். குடிச்சிரலாம்னுகூட நெனச்சேன்." இன்னும் ஏதோ சொல்ல நினைத்தார், தலைமைக்குருவைப் பற்றி, பலவீனத்தைப் பற்றி, எல்லாம் முன்பே பேசியாகிவிட்டது. "கொஞ்சம் பொறுத்துக்கோங்க. மன்னிச்சிருங்க."

கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து உபதேசியாரிடம் நீட்டினார். கொடுக்கிறபோது விரல்கள் உடனே விடவில்லை. வரப்பிரசாதம் இழுக்கவில்லை, அவர் விடுகிறவரை பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் அதை வாங்கிக்கொண்டு உள் அறைக்குப் போனார். தண்ணீர் விட்டு அலசுகிற சத்தம் கேட்டது. துடைத்த வெறுங்கிண்ணத்தைக் கொண்டுவந்து பீடத்தில் வைத்துவிட்டு, பக்கக் கதவு வழியாகக் கிட்டத்தட்ட ஓடினார். அறுபது வயதுக்கு மேலானவர், வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு. ஃபாதர் ததேயுஸ் பீடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். போய்விட்டதா? போகவில்லை. தொண்டையில் அப்படியேதான் உட்கார்ந்திருந்தது, நாக்கு அப்படியேதான் ஊறியது. உள் அறைத் தொட்டியிலிருந்து இன்னும் மணம் வருவது போலிருந்தது. ஜெயித்துவிட்டால் ஏதாவது லேசாகும், வெளிச்சம் மாதிரி ஏதாவது வரும் என்று நினைத்திருந்தார். முதுகில் வியர்வை வழிந்ததுதான் தெரிந்தது. யாராவது எழுந்து வெளியே போவார்கள். முதலில் ஒருவர் போவார், பிறகு ஒவ்வொருவராக. செருப்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தார். கண்ணைத் தூக்கி மூன்றாவது பெஞ்சைப் பார்த்தார். இன்னாசி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான், தோள் குலுங்கியது. பக்கத்திலிருந்தவன் அவன் முதுகில் கை வைத்திருந்தான்.

யாரும் எழுந்திருக்கவில்லை. முழங்காலில் இருந்தவர்கள் முழங்காலிலேயே இருந்தார்கள். பெண்கள் பக்கத்தின் கடைசியில், மீன் விற்கிற சூசையம்மா, எப்போதும் பூசை நடுவில் தூங்கிவிழுகிறவள், தலையைத் தூக்கி, அடுத்த வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரிச் சத்தமாகச் சொன்னாள்: "மெதுவா வரட்டும் சாமி. ஒண்ணும் அவசரமில்ல. நாங்க இருக்கோம்."